முதல் சுற்று ரூக்கி தடுமாறினால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி இது: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்ட ஒரு ரூக்கி, அதாவது முதல் சீசன் ஆடும் வீரர், முதல் நாலைந்து ஆட்டங்களில் எதுவும் செய்யவில்லை. அவரைத் தவறான தேர்வு என்று இப்போதே சொல்லிவிடலாமா? இல்லை என்றால் எத்தனை ஆட்டம் பொறுக்க வேண்டும்?

எத்தனை ஆட்டம் என்பதை விட, எந்த மாதிரித் தவறு என்பதுதான் முக்கியம். நடந்த தவறு உண்மையில் அவருடையதா, அவரைச் சுற்றியிருப்பவர்களுடையதா? அவருடையதுதான் என்றால், பயிற்சியாளர் திருத்திய பிறகும் அதே தவறு திரும்ப வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நாலு ஆட்டத்திலேயே ஓரளவு சொல்லலாம். தெரியாவிட்டால் முழு சீசனின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டும் தவறாகத்தான் சொல்வோம்.

1998 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் இண்டியானபொலிஸ் கோல்ட்ஸ் பெய்டன் மேனிங்கை எடுத்தது, இரண்டாம் இடத்தில் சான் டியாகோ சார்ஜர்ஸ் ரயன் லீஃபை எடுத்தது. இருவரும் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள். லீஃப் தன் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார். மேனிங் முதல் நான்கையும் தோற்றார். இரண்டாவது வாரத்தோடு நிறுத்தித் தீர்ப்பு எழுதியிருந்தால் அது தலைகீழாகப் போயிருக்கும். மூன்றாவது வாரம் கான்சஸ் சிட்டியில் லீஃப் வீசிய 15 பாஸ்களில் 1 மட்டுமே சக வீரர் கையில் சேர்ந்தது, மொத்தம் 4 யார்டு.

சீசன் முடிவில் மேனிங்கின் கணக்கு 26 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்து சேர்ந்தவை), 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்கள்). ஒரு ரூக்கி கொடுத்த இன்டர்செப்ஷன்களில் இதுதான் அதிகபட்சம். அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. லீஃபின் கணக்கு 2 டச் டவுன், 15 இன்டர்செப்ஷன். இன்டர்செப்ஷனை மட்டும் பார்க்கிறவருக்கு இருவருமே மோசம்தான். ஆனால் இன்னொரு எண் இருக்கிறது. இருவரும் அந்த சீசனில் ஆளுக்கு 22 முறை சாக் ஆனார்கள், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்கள். மேனிங் வீசியது 575 பாஸ், லீஃப் 245. அதாவது பாஸ் ஆட முயன்ற நூறு தடவையில் மேனிங் நாலு முறைக்கும் குறைவாக விழுந்தார், லீஃப் எட்டு முறைக்கு மேல். மேனிங் பந்தை எங்கே அனுப்புவது என்ற முடிவை நேரத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார், எடுத்த முடிவுகளில் சில தப்பின. அது அனுபவத்தில் சரியாகும் வகை. முடிவே வராமல் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு வகை, அது அவ்வளவு எளிதில் சரியாவதில்லை.

நாலு ஆட்டத்தின் எண்களை ஏன் நம்பக் கூடாது என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். குவார்ட்டர்பேக் நாலு ஆட்டத்தில் ஏறத்தாழ 130 பாஸ் வீசுவார். உண்மையில் 60 சதவீதம் சேர்க்கும் திறமை உள்ளவர் 78 சேர்க்க வேண்டும். ஆனால் 72-லிருந்து 84-க்குள் எங்கே விழுந்தாலும் அது வெறும் ஏற்ற இறக்கம்தான். அதாவது 55 சதவீதமும் 64 சதவீதமும் ஒரே ஆளாக இருக்கலாம். பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் 60 முறை ஓடி 210 யார்டு எடுத்தால் சராசரி 3.5, எல்லாரும் முகம் சுளிப்பார்கள். அந்த 60-இல் ஒரே ஒரு ஓட்டத்தில் கடைசித் தடுப்பாளர் காலைப் பிடிக்காமல் விட்டு இன்னும் 40 யார்டு கிடைத்திருந்தால் சராசரி 4.2, யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள். சீசனுக்கு 10 சாக் எடுக்கக்கூடிய எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் தற்காப்பு வீரர்) முதல் நாலு ஆட்டத்தில் ஒன்றுகூட எடுக்காமல் போக ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே ஆண்டில் நாலைந்து எட்ஜ் ரஷர்கள் முதல் சுற்றில் போகும்போது, அவர்களில் ஒருவருக்கு இப்படி நேர்வது அபூர்வமே இல்லை.

ஆகவே ஆட்டப் பதிவைப் பார்க்க வேண்டும். டிவி ஒளிபரப்பு போதாது, அதில் பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் ஆல்-22 பதிவு என்.எஃப்.எல். பிளஸ் பிரீமியம் சந்தாவில் கிடைக்கிறது. குவார்ட்டர்பேக் என்றால் மூன்றாம் டவுன் (10 யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் மூன்றாவது) பாஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள்.

ஒரு சாக்கை வைத்துக் காட்டுகிறேன். மூன்றாம் டவுன், 8 யார்டு வேண்டும், ஷாட்கன் (குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கும் அமைப்பு). ஸ்னாப் ஆன கணத்தில், அதாவது பந்து பின்னால் அவருக்குத் தரப்பட்டதும், கடிகாரத்தை ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனை மட்டும் பாருங்கள்: அதன் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் எந்த நொடியில் தோற்றார்? 2.5 நொடிக்குள் ரஷர் தோளைத் தாண்டிவிட்டார் என்றால் அந்த சாக் பெரும்பாலும் லைனுடையது. இரண்டாம் ஓட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பாருங்கள். மூன்று காலடி பின்வாங்கிப் பின்னங்கால் ஊன்றும் நேரத்தில் முதல் ரிசீவருக்குப் பந்து போக வேண்டும், இல்லையென்றால் ஒரு சின்ன எட்டு முன்வைத்து இரண்டாமவரைப் பார்க்க வேண்டும். கால் ஊன்றிய பிறகும் தலை அதே பக்கம் நிலைத்திருக்கிறதா, கால்கள் தட்டிக்கொண்டே நிற்கின்றனவா? மூன்றாம் ஓட்டத்தில் அந்த ஊன்றிய கணத்தில் பதிவை நிறுத்தி ரிசீவர்களைப் பாருங்கள். யாராவது திறந்திருந்தார்களா? திறந்திருந்தும் 3.5 நொடி வரை பந்து கையில் இருந்தால், டாக்கிள் கடைசியில் தோற்றிருந்தாலும் சாக் குவார்ட்டர்பேக்குடையது. ஸ்னாப்புக்கு முன்பே ஐந்து பேர் பாதுகாப்புக்கும் ஆறு பேர் பிளிட்ஸுக்கும் (குவார்ட்டர்பேக் மீது பாய்வதற்கு) நின்றிருந்தால், ஆறாவது ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியது குவார்ட்டர்பேக்: முன்கூட்டியே பாதுகாப்பை மாற்ற வேண்டும், அல்லது உடனே பந்தை விட வேண்டும். ரூக்கிகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கல்லூரியில் பல அணிகளில் ஓரத்திலிருந்து பயிற்சியாளர் அட்டையைக் காட்டி இதைச் சொல்லிவிடுவார். இங்கே ஹெல்மெட்டில் பயிற்சியாளர் குரல் கேட்பது ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 நொடி மீதி இருக்கும்போது நின்றுவிடும், மீதி அவர் பாடு.

இப்படி 20 பாஸ் பார்த்தால், தவறுகளைச் சொந்தக்காரர் வாரியாகப் பிரித்துவிடலாம். கூடவே ஒரு விகிதத்தையும் பாருங்கள்: நெருக்கடிக்கு உள்ளான தடவைகளில் எத்தனை சாக் ஆகிறது? ஐந்துக்கு ஒன்று என்பது சாதாரணம். நாலுக்கு ஒன்றைத் தாண்டினால் லைனைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுக் குவார்ட்டர்பேக்கைப் பார்க்க வேண்டும்.

சுற்றுப்புறத்தின் எடை எவ்வளவு என்பதற்கு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் நல்ல சாட்சி. 2016-இல் முதல் ஆளாக ராம்ஸ் எடுத்தது. நவம்பர் நடுப்பகுதி வரை ஆடவே விடவில்லை, பிறகு ஆடிய ஏழிலும் தோல்வி. 205 பாஸில் 5 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன், 26 சாக். தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரை சீசன் முடியும் முன்பே நீக்கினார்கள். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே வந்தார். சின்சினாட்டியிலிருந்து லெஃப்ட் டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த், லைனின் நடுவில் நிற்கும் சென்டருக்கு ஜான் சல்லிவன், ரிசீவர்களாக ராபர்ட் உட்ஸும் சாமி வாட்கின்ஸும், டிராஃப்டில் கூப்பர் கப். அதே காஃப் 477 பாஸில் 28 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன், 25 சாக். பாஸ் இரண்டு மடங்குக்கு மேல், சாக்கோ ஒன்று குறைவு. ஒரே கோடைக்காலத்தில் ஒருவருடைய கை அவ்வளவு மாறாது.

சுற்றுப்புறம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் முதல் ஆளாக எடுத்த டேவிட் கார் அந்த ஒரே சீசனில் 76 முறை சாக் ஆனார். லைன் படுமோசம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாலாவது சீசனிலும் 68 சாக். விழுந்து விழுந்து ரஷரைப் பார்க்கிற பழக்கம் கண்ணுக்கு வந்துவிட்டால், பிறகு லைன் தாங்கும்போதும் பார்வை ரிசீவர் பக்கம் போகாது. அதனால்தான் ரூக்கி நெருக்கடியே இல்லாத பாஸ்களில் எப்படி ஆடுகிறார் என்பதைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். சுத்தமான பாக்கெட்டில் (லைன் அவரைச் சுற்றி அமைக்கும் காப்பு வளையம்) கால்கள் அமைதியாக இருக்கின்றனவா, பந்து நேரத்துக்குப் போகிறதா? அங்கே நன்றாக இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அங்கேயும் பதற்றம் தெரிந்தால் சேதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அணி அவரைச் சில வாரம் உட்கார வைப்பதே நல்லது.

அப்படி உட்கார வைப்பதைத் தீர்ப்பாகப் படிக்க வேண்டாம். பிரைஸ் யங் 2023-இல் கரோலினா முதலாவதாக எடுத்தவர். முதல் சீசனில் 62 சாக், 11 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன், பாதியில் பயிற்சியாளர் நீக்கம். இரண்டாம் சீசனில் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு பெஞ்ச். அவர் இடத்தில் இறங்கிய ஆண்டி டால்டன் முதல் ஆட்டத்திலேயே 319 யார்டு, 3 டச் டவுன் எடுத்து வென்றார். பலர் அன்றைக்கே கதை முடிந்தது என்றார்கள். டால்டன் காயம்பட்டதும் யங் திரும்ப வந்து சீசனை 15 டச் டவுன், 9 இன்டர்செப்ஷனோடு முடித்தார். அந்த 9-இல் 3 முதல் இரண்டு ஆட்டத்தில் போனவை. நட்சத்திரமாகிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் கண்ட ஆளும் டிசம்பரில் ஆடிய ஆளும் வேறு என்பது பதிவில் தெளிவாகத் தெரிந்தது.

மாற்று ஆளோடு ஒப்பிடும் இந்த முறை குவார்ட்டர்பேக்கை விட ரன்னிங் பேக்குக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே லைனுக்குப் பின்னால் இரண்டு பேர் மாறி மாறி ஓடுகிறார்கள். 2012-இல் மூன்றாம் இடத்தில் கிளீவ்லாண்டு எடுத்த டிரென்ட் ரிச்சர்ட்சன் முதல் சீசனில் 950 யார்டு, 11 டச் டவுன், சராசரி 3.6. விலா எலும்புக் காயம், பலவீனமான அணி என்று காரணங்கள் சொல்லப்பட்டன, அவை பொய்யுமல்ல. 2013 செப்டம்பரில் இண்டியானபொலிஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்து அவரை வாங்கியது. அங்கே 157 ஓட்டத்தில் 458 யார்டு, சராசரி 2.9. அதே சீசனில், அதே லைனுக்குப் பின்னால் டோனால்ட் பிரவுன் 102 ஓட்டத்தில் 537 யார்டு, சராசரி 5.3. இதற்குப் பிறகு லைனைக் காரணம் சொல்ல இடமே இல்லை. பதிவிலும் அது தெரிந்தது: அவுட்சைட் ஸோன் ஓட்டத்தில் (லைன் முழுதும் ஒரு பக்கமாக நகரும் வகை) ஓடுபவர் தன் தடுப்பாளரின் முதுகை நோக்கி நெருங்கிப் போய், எதிரியை ஒரு பக்கம் சாய வைத்து, பிறகு ஒரே அடியில் வெட்டி மேலே போக வேண்டும். ரிச்சர்ட்சன் அந்த வெட்டு அடிக்கு முன்பே கால்களைத் தட்டி நிதானிப்பார், அதற்குள் இடைவெளி மூடிவிடும். இடைவெளியே திறக்காத ஓட்டமும், திறந்ததைத் தவறவிட்ட ஓட்டமும் கணக்குத் தாளில் ஒரே 2 யார்டுதான். மறுபக்கம் 2013-இல் இரண்டாம் சுற்றில் போன லெவியான் பெல் முதல் சீசனில் 3.5 சராசரிதான், அடுத்த ஆண்டு 4.7, 1361 யார்டு. அவரும் லைனுக்குப் பின்னால் நிதானிப்பவர்தான். ஆனால் இடைவெளி திறந்த கணத்தில் அதற்குள் இருப்பார்.

எட்ஜ் ரஷர்களை சாக் எண்ணை வைத்து மதிப்பிடுவது மிகப் பெரிய அநியாயம். கலீல் மேக் 2014-இல் ஐந்தாவதாக ஓக்லாண்டு எடுத்தவர், முதல் சீசனில் 4 சாக். அந்த அணி முதல் பத்து ஆட்டங்களையும் தோற்று 3-13 என முடித்தது. முன்னிலையில் இருக்கும் எதிரணி பந்தை ஓடித்தான் நேரத்தைக் கரைக்கும், பாஸே வீசாதவரை சாக் செய்வது எப்படி? ஆனால் ஓட்டங்களைத் தடுப்பதில் அவர் எதிரே நின்ற டாக்கிளைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு 15 சாக், அதற்கடுத்த ஆண்டு லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருது. வெர்னன் கோல்ஸ்டன் 2008-இல் ஆறாவதாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தவர். மூன்று சீசனில் ஒரு சாக்கும் இல்லை. கல்லூரியில் கை ஊன்றி நிற்கும் எண்டாக (தற்காப்பு வரிசையின் ஓர வீரர்) இருந்தவரை ஜெட்ஸ் நின்றபடி ஆடும் அவுட்சைட் லைன்பேக்கராக மாற்றியது. முதல் ஆண்டில் அது ஏற்கத்தக்க காரணம். அதற்கு மேலும் நெருக்கடிகூடக் கொடுக்க முடியவில்லை என்றால் ஏற்க முடியாது. ஆக, பார்க்க வேண்டியது சாக் அல்ல, டாக்கிளை எத்தனை முறை வென்றார், குவார்ட்டர்பேக்கை எத்தனை முறை அவசரப்படுத்தினார் என்பது. வெல்லும் வழி ஒன்று மட்டுமா, அல்லது முதல் முயற்சி தடுக்கப்பட்டதும் கையில் இரண்டாவது வித்தை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒரே வேகப் பாய்ச்சலை நம்பி வந்தவர்களை என்.எஃப்.எல். டாக்கிள்கள் மூன்றாவது வாரத்துக்குள் படித்துவிடுவார்கள்.

லைன் வீரர்களுக்கு நான் இரண்டாம் சீசன் வரை தருவேன். ஆண்ட்ரூ தாமஸ் 2020-இல் நான்காவதாக நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்த லெஃப்ட் டாக்கிள். தொற்றுக் காலம், பயிற்சி ஆட்டமே இல்லை, நடுவில் லைன் பயிற்சியாளரை மாற்றினார்கள். முதல் பாதியில் அவரைக் கடந்து போகாதவரே இல்லை என்ற நிலை. 2022-இல் ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ இரண்டாம் அணியில் இடம். டாக்கிளிடம் பார்க்க வேண்டியது கால்களைத்தான். பின்வாங்கும்போது இடுப்பைச் சீக்கிரம் வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் உள்பக்கம் கதவு திறந்துவிடும். இதைப் பயிற்சியில் சரிசெய்யலாம். கை நீளமும் உடல் கனமும் போதவில்லை என்றால்தான் டாக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டு இடத்துக்கு நகர்த்த வேண்டும்.

ரிசீவர், அவரை மறிக்கும் கார்னர்பேக் ஆகியோரின் தடுமாற்றத்துக்கு விதிகளே ஒரு காரணம். பாஸைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் கோட்டுக்குள் இருந்தால் போதும், இங்கே இரண்டும் வேண்டும். கல்லூரியில் பந்து காற்றில் ஏறும் வரை கார்னர்பேக் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கலாம், இங்கே 5 யார்டைத் தாண்டினால் நடுவரின் கொடி, அதாவது தண்டனை. அதனால் முதல் மாதம் கார்னர்பேக்குக்குக் கொடி விழுவது பெரிய குற்றமல்ல, நவம்பரிலும் விழுந்தால்தான் கேள்வி. பந்தை வைக்கும் எல்லையைக் காட்டும் ஹாஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, இங்கே 18 அடி 6 அங்குலம், ஆகவே களத்தின் அகலமான பக்கம் என்ற வசதி ஏறக்குறைய காணாமல் போகிறது. பந்துகூட வேறு: கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை இதில் இல்லை. 2021-இல் ஐந்தாவதாகப் போன ரிசீவர் ஜமார் சேஸ் முந்தைய ஆண்டு ஆடவே இல்லை. பயிற்சி ஆட்டங்களில் பந்தை நழுவவிட்டபோது ஊரே சிரித்தது. சீசன் தொடங்கியதும் முதல் ஆட்டத்தில் 101 யார்டு, மொத்தம் 1455 யார்டு, 13 டச் டவுன். டைட் எண்டுகளுக்கு பிளாக்கிங் (எதிரியைத் தடுப்பது), ரூட் (பாஸ் பிடிக்க ஓடும் வழி) இரண்டையும் கற்க வேண்டியிருப்பதால் இன்னும் தாமதமாகும். டி.ஜே. ஹாக்கன்சன் 2019-இல் முதல் ஆட்டத்திலேயே 131 யார்டு எடுத்தார், மீதி சீசன் முழுவதும் சேர்த்து 236 மட்டுமே. அடுத்த சீசனில் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குப் போனார். வேகமான தொடக்கத்தையும் அப்படியே நம்பக் கூடாது.

உடல்நிலையையும் கணக்கில் சேருங்கள். கல்லூரி சீசன் முடிந்ததும் ஓய்வில்லாமல் 40 யார்டு ஓட்டத்துக்கான பயிற்சி, பிப்ரவரி இறுதியில் இண்டியானபொலிஸில் சோதனை, ஏப்ரலில் டிராஃப்ட், மே மாதம் அணி முகாம், ஜூலையில் முழுப் பயிற்சி. கல்லூரியில் 12, 13 ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு இங்கே 17 ஆட்டம் ஆட வேண்டும். பத்தாவது வாரத்தைத் தாண்டி வேகம் குறைந்தால் அது பெரும்பாலும் களைப்பு. முகாமைத் தவறவிட்டவர்களுக்கு இன்னும் தாராளமாக இருங்கள்: 2016-இல் மூன்றாவதாகப் போன எட்ஜ் ரஷர் ஜோயி போசா ஒப்பந்தத் தகராறில் ஆகஸ்ட் இறுதி வரை வரவில்லை, தொடைத் தசைக் காயத்தில் முதல் நாலு ஆட்டம் இல்லை, பிறகு 12 ஆட்டத்தில் 10.5 சாக்.

என் அளவுகோல்கள் இவை. குவார்ட்டர்பேக்கைப் பற்றி எட்டு ஆட்டத்துக்கு முன் பேச மாட்டேன். முதல் எட்டையும் அடுத்த எட்டையும் ஒப்பிட்டு சாக் விகிதம் இறங்குகிறதா என்று பார்ப்பேன். பாஸ் சேரும் சதவீதம் ஏறுவதற்குப் பொறுமை வேண்டும். ஜாஷ் ஆலன் 52.8, 58.8, 69.2 என்று மூன்று சீசனில் ஏறினார், மூன்றாவதில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்தார். ஆனால் ஆலன் முதல் சீசனிலேயே ஓடி 631 யார்டு, 8 டச் டவுன் எடுத்தவர், அந்தக் கூடுதல் திறமை இல்லாதவருக்கு அவரை உதாரணம் காட்டுவது தவறு. ரன்னிங் பேக்குக்கு 100 ஓட்டம் போதும், அவர்கள் முதல் சீசனிலேயே தயாராக வருகிறவர்கள். எட்ஜ் ரஷருக்கு 300 பாஸ் ரஷ். கார்னர்பேக்குக்கு ஒரு முழு சீசன்.

அணி உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பதை அறியப் பேட்டிகளைப் படிக்க வேண்டாம். மூன்றாம் டவுனில் ரூக்கியை வெளியே எடுக்கிறார்களா, அவருக்காக ஆட்டத்திட்டத்தைச் சுருக்குகிறார்களா என்று பாருங்கள். பிறகு மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பாருங்கள். 2018-இல் அரிசோனா பத்தாவதாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜாஷ் ரோசன் 11 டச் டவுன், 14 இன்டர்செப்ஷன், 45 சாக் என்று முடித்தார். லைன் ராம்ஸுடையதைப் போலவே உடைந்துதான் கிடந்தது. அவருக்காக அதைச் செப்பனிடுவதற்குப் பதில், அணி அடுத்த ஏப்ரலில் இன்னொரு குவார்ட்டர்பேக்கான கைலர் மர்ரியை முதலாவதாக எடுத்து, ரோசனை இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கும் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கும் மயாமிக்கு விற்றது. அதற்குப் பிறகு எந்த அணியிலும் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. முதல் சுற்று வீரருக்கு நாலு ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாம் ஆண்டை நீட்டிப்பதா என்று மூன்றாம் சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்ல வேண்டும். அதுவரை பொறுக்க அணிக்கு உரிமை உண்டு, ஆனால் முதலிடத் தேர்வு கையில் வந்துவிட்டால் சில அணிகள் அந்தத் தேதி வரை காத்திருப்பதில்லை.